எல்லைக் காவல் – 17: நிமோனியா என்று எழுதப்பட்ட மரணம்

சென்ற அத்தியாயம் 1958 அக்டோபரில், மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டோடு நின்றது. அதில் இரண்டு உயிர்கள் போயின. மிஞ்சியவை போலீஸ் எழுதி வைத்த தாளும் லயங்களில் இருந்தவர்களின் வாய்ச்சொல்லும்தான். தாளுக்கும் வாய்ச்சொல்லுக்கும் நடந்த அந்த வழக்கில் தாள்தான் ஜெயித்தது. அதற்குப் பிறகு 33 ஆண்டுகளைத் தாண்டி, மலையை விட்டு இறங்கி, பாலக்காடு நகரத்துக்கு வருவோம்.

1991 டிசம்பர் 15. முரளி மனோகர் ஜோஷி கன்னியாகுமரியிலிருந்து ஏக்தா யாத்திரை கிளம்பியிருந்த நேரம். அதையொட்டி ஊரில் பதற்றம், கல்வீச்சு, தடை உத்தரவு. புதுப்பள்ளித் தெருவில் போலீஸ் சுட்டதில் சிராஜுன்னிஸா என்ற 11 வயதுச் சிறுமி தன் வீட்டு வாசலில் விழுந்து இறந்தாள். எலக்ட்ரிக் கம்பத்தில் பட்டுத் தெறித்த குண்டு என்றது அதிகாரத் தரப்பு. உயர் அதிகாரி ஒருவர் ஒயர்லெஸ்ஸில் பிணம் வேண்டும் என்று உத்தரவிட்டதைக் காதால் கேட்டோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் காதில் விழுந்த குரலை நீதிமன்றத்தில் யாரால் எடுத்து வைக்க முடியும்? ஒயர்லெஸ் பேச்சு காற்றோடு போய்விட்டது.

போகாமல் நின்றது எஃப்ஐஆர். அதில் செத்துப்போன சிறுமியே குற்றவாளி. நூரணி அக்ரஹாரத்தைத் தாக்குவதற்காக 300 பேர் கொண்ட கும்பலைத் தலைமை தாங்கிக் கூட்டிவந்தாள் என்று போலீஸ் எழுதி வைத்தது. பள்ளிக்கூடம் போகிற பெண், ஆயுதம் ஏந்திய 300 பேருக்குத் தலைவி! எழுதிய கைக்கு அது கொஞ்சமும் உறுத்தவில்லை. நூரணியும் கல்பாத்தியும் தமிழ் பேசும் கிராமங்கள். அங்கே இருந்தவர்களைப் பாதுகாத்ததாகச் சொல்லித்தான் அந்தத் தாள் தயாரானது என்பதால், தமிழ் வாசகர்கள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

அதே 1991-இல், மார்ச் 3 நள்ளிரவுக்குப் பின், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் தரையில் போட்டு அடித்ததை, எதிர்வீட்டு பால்கனியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே என்பவர் வீடியோ கேமராவில் பிடித்தார். உலகமே பார்த்தது. பாலக்காட்டில் அப்படி ஒரு கேமரா இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததையும் முழுசாகச் சொல்ல வேண்டும். 1992 ஏப்ரலில் ஜூரி அந்தப் போலீஸாரை விடுவித்தது. நகரம் பற்றியெரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1993-இல் மத்திய நீதிமன்றத்தில்தான் இருவருக்குத் தண்டனை கிடைத்தது. உலகம் பார்த்த படம் இருந்தும் இவ்வளவு சுற்று.

பாலக்காட்டின் அடுத்த பெரிய வழக்கு 2010-இல் வந்தது. புத்தூரில் ஒரு பெண்மணி தன் வீட்டில் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட சம்பத் கோயம்புத்தூரில் பிடிபட்டார். வாளையாறு தாண்டிக் கொண்டுவந்த ஆளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல், மலம்புழையில் ஆற்றோரத்துக் காட்டேஜ் ஒன்றில் வைத்து விசாரித்தார்கள். மார்ச் 29 அன்று அவர் இறந்தார். உடம்பெல்லாம் காயம்.

ஏன் காட்டேஜ்? ஸ்டேஷன் என்றால் ஜெனரல் டைரி இருக்கிறது, வாசலில் பாரா நிற்கிறார், புகார் கொடுக்க வந்த நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றோரத்தில் இவை எதுவும் கிடையாது. எழுத வேண்டிய தாளைக்கூட எழுதாமல் இருப்பதற்கான இடம் அது. இது பாலக்காட்டுக்கு மட்டும் உரியதல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில் கக்கயம் போலீஸ் முகாமில் மாணவர் ராஜன் காணாமல்போன 1976-இலிருந்தே கேரளம் இதை அறியும். மலம்புழை வழக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐக்குப் போனது. மேலதிகாரிகள் வரை பெயர்கள் வந்தன. அதை விசாரித்த சிபிஐ அதிகாரி ஹரிதத் 2012 மார்ச்சில் கொச்சியில் தற்கொலை செய்துகொண்டார். கொலை வழக்கிலிருந்து காவல் மரண வழக்கு, அதிலிருந்து இன்னொரு மரணம் என்று வழக்கு தன் வாலைத் தானே தின்னத் தொடங்கிவிட்டது.

இப்போது தெற்கே, இடுக்கிக்கு. கம்பத்திலிருந்து ஏறினால் கம்பம்மெட்டு. அங்கிருந்து ஏலத்தோட்டங்களின் ஊடாகப் போனால் நெடுங்கண்டம். பக்கத்தில் தூக்குப்பாலம் என்ற சிற்றூர். 2019-இல் அங்கே ஹரிதா ஃபைனான்ஸ் என்று ஒரு நிறுவனம். சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வசூலித்தார்கள், கடன் வரவில்லை. ஜூன் 12 அன்று பணம் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி, நிறுவனத்தை நடத்திய வாகமண் கோலாகலமேட்டைச் சேர்ந்த ராஜ்குமாரையும் உடனிருந்தவர்களையும் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது. ஏமாந்தவர்கள் அன்றாடங்காய்ச்சிகள்.

அதன்பிறகு நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால்தான் விளங்கும். 12-ஆம் தேதி பிடிபட்டவரின் கைது, 15-ஆம் தேதி மாலையில்தான் பதிவேட்டில் ஏறியது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. நடைமுறையில் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கைது எழுதப்படும்போதுதான் என்பதைப் போலீஸ் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறது. எனவே இடைப்பட்ட மூன்று நாள் ராஜ்குமார் தாளில் எங்குமே இல்லை. 16-ஆம் தேதி இரவு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு, பீர்மேடு கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 21-ஆம் தேதி இறந்தார்.

கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை நடந்தது. நிமோனியா என்ற சொல் அறிக்கையில் இடம்பெற்றது. காயங்களும் இருந்தன, ஆனால் ஊடகம் வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது நிமோனியாதான். அடுத்த ஆண்டு மே மாதம் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, போலீஸின் முதல் அறிக்கையும் அவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டது என்றுதான் சொன்னது. அங்கே ஓர் இளம்பெண் போனில் எடுத்த படம் சில மணி நேரத்தில் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டது. நெடுங்கண்டத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது ஒரு சவக்குழி.

உறவினர்கள் விடவில்லை. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி எழுப்பியது. வழக்கு கிரைம் பிராஞ்சுக்குப் போய், ஜூலை 3 அன்று நெடுங்கண்டம் எஸ்.ஐ. கே.ஏ.சாபு கைதானார். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.நாராயண குருப் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. முதல் பிரேதப் பரிசோதனையில் கமிஷனுக்குத் திருப்தி இல்லை. ஜூலை 29 அன்று, இறந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு, வாகமண் தேவாலயக் கல்லறையில் புதைத்திருந்த உடலைத் தோண்டி எடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். முதல் அறிக்கையில் இல்லாத விலா எலும்பு முறிவுகள் தெரிந்தன. புதைத்ததால் தப்பியது உண்மை. எரித்திருந்தால் நிமோனியாவே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும்.

2021 ஜனவரியில் கமிஷன் முதல்வர் பினராயி விஜயனிடம் அறிக்கையைக் கொடுத்தது. காவலில் நடந்த சித்திரவதையே மரணத்துக்குக் காரணம் என்றும், முதல் பிரேதப் பரிசோதனையில் குறைபாடுகள் இருந்தன என்றும் அது கண்டது. வழக்கை அதற்கு முன்பே அரசு சிபிஐயிடம் ஒப்படைத்திருந்தது.

நெடுங்கண்டம் கேரளத்தை இவ்வளவு உலுக்கியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2005-இல் திருவனந்தபுரம் ஃபோர்ட் ஸ்டேஷனில் உதயகுமார் என்ற இளைஞரைத் தொடையில் இரும்புக் குழாய் வைத்து உருட்டிக் கொன்ற வழக்கை, அவருடைய தாய் பிரபாவதி அம்மா 13 ஆண்டு நடத்தி, 2018 ஜூலையில் இரண்டு போலீஸாருக்கு மரண தண்டனை வாங்கித் தந்திருந்தார். ‘இனி உருட்டல் இருக்காது’ என்று ஊர் நம்பிய மறுவருஷமே நெடுங்கண்டம். 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையையும் ரத்து செய்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்துவிட்டது.

இனி கேமராவின் கதை. ஸ்டேஷனுக்குள் கேமரா வேண்டும் என்பது புதுப் பேச்சல்ல. 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நீதிபதி நாரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வழவழவென்று இல்லாமல் இடம் இடமாகச் சொல்லி உத்தரவிட்டது: வாசல், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிவறைக்கு வெளியே எல்லாவற்றிலும் கேமரா. இருட்டிலும் தெரிய வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். 18 மாதம் வைத்திருக்க வேண்டும், சாதனம் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. அந்த ஆண்டு ஜூனில்தான் நம் பக்கம் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள் என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். கேமராவை மாட்டியவரும், அதன் சாவியை வைத்திருப்பவரும், அதில் பதிவாகக்கூடியவரும் ஒரே துறை என்றால் வேறென்ன நடக்கும்?

கேரளத்தில் இதற்கு ஒரு மாற்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம், 33-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு: போலீஸ் செய்யும் எந்த நடவடிக்கையையும், பொது இடமானாலும் தனி இடமானாலும், பொதுமக்கள் சட்டப்படி வீடியோவோ ஒலிப்பதிவோ எடுப்பதைப் போலீஸ் தடுக்கக் கூடாது. இவ்வளவு வெளிப்படையாக எழுதிய ஒரு சட்டம் கையில் இருக்கும்போது, ‘போனை உள்ளே வை’ என்று கத்தும் கான்ஸ்டபிளுக்கு முன்னால் நாம் எதற்குப் பம்முகிறோம் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தெரியாததுதான் காரணம். ஸ்டேஷன் சுவரில் எத்தனையோ அறிவிப்புகள் தொங்குகின்றன. இதை மாட்டி வைத்தால் என்ன?

ஆலத்தூரில் இதன் பலன் தெரிந்தது. 2024 ஜனவரி 4. விபத்து வழக்கில் பிடித்து வைத்த வாகனத்தை விடுவிக்கும் நீதிமன்ற உத்தரவோடு ஒரு வழக்கறிஞர் ஆலத்தூர் ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. ரினீஷ் அவரிடம் எகிறி, ஒருமையில் பேசிய காட்சி வெளியே வந்தது. மக்களை ‘எடா, எடீ’ என்று கூப்பிடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் முன்பே சொல்லி, டிஜிபி சுற்றறிக்கையும் போட்டிருந்த விஷயம் அது. நீதிபதி தேவன் ராமச்சந்திரன் விடவில்லை. டிஜிபி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எஸ்.ஐ. மன்னிப்புக் கேட்டார், மாற்றப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக இரண்டு மாதச் சிறை விதித்து, ஓராண்டுக்கு அதை நிறுத்தி வைத்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டவருக்கே இந்தப் பாடு, நமக்கு எப்படி இருக்கும் என்றுதான் பாலக்காட்டு டீக்கடைகளில் பேச்சு. அதே ஆண்டின் கடைசி இரவில், இடுக்கி எல்லையில் கூட்டாரில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே கம்பம்மெட்டு போலீஸ் அதிகாரி ஒருவர் ஆட்டோ ஓட்டுநரை அறைந்து கீழே தள்ளிய காட்சியும் வெளியே வந்தது. படம் வராமல் இருந்திருந்தால் அது ஊர்ப்பேச்சாகவே அடங்கியிருக்கும்.

ஆனாலும் படத்தை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட முடியாது. அட்டப்பாடியைப் பாருங்கள். ஆனைகட்டிக்கு அந்தப்புறம், தமிழுக்குப் பக்கத்து மொழி பேசும் பழங்குடியினர் வாழும் இடம். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினான் என்று சொல்லி, சிண்டக்கி ஊரைச் சேர்ந்த மதுவைக் காட்டிலிருந்து பிடித்து, கையைக் கட்டி, முக்காலி வரை நடத்திக்கொண்டு வந்து அடித்தார்கள். அடித்தவர்களே செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏற்றி அகளிக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்தார். இந்த வழக்கில் அடித்தது போலீஸ் அல்ல. ஆனால் உயிர் போனது போலீஸ் ஜீப்பில் என்பதால், இது காவல் மரணம்தானே என்று எதிர்த்தரப்பு வாதாடிப் பார்த்தது. மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கைகளையும் நீதிமன்றம் வரவழைக்க வேண்டியதாயிற்று.

படம் உலகத்துக்கே தெரிந்திருந்தும் வழக்கு நான்கு ஆண்டு நகரவில்லை. அரசு வழக்கறிஞர்கள் மாறினார்கள். 2022-இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். சாட்சிக் கூண்டில் ஒரு வன வாட்சர். எதிரே திரையில் முக்காலியில் எடுத்த வீடியோ ஓடுகிறது. அதில் கூட்டத்தோடு நிற்பவர் அவரே. ‘பார்க்கிறீர்களா?’ என்று கேட்டால், ஒன்றும் தெரியவில்லை, கண் சரியில்லை என்கிறார். நீதிபதி கே.எம்.ரதீஷ்குமார் விசாரணையை நிறுத்தி, உடனே கண் பரிசோதனைக்கு அனுப்பினார். பார்வையில் குறையில்லை என்று டாக்டர் சீட்டு வந்தது. மறுநாள் படத்தில் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டார் அந்த மனிதர். வனத்துறை வேலை போயிற்று.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாட்சிகளைப் போனில் தொடர்புகொண்டது அழைப்புப் பட்டியலில் தெரியவந்து, அதற்கு முந்தைய மாதமே பன்னிரண்டு பேரின் ஜாமீனை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. மதுவின் தாய் மல்லியும் அக்காள் தங்கைகளும் மிரட்டலுக்கு நடுவே நின்று பிடித்தார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல். செல்ஃபி தந்த தண்டனை இது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கண் டாக்டர் சீட்டும், அழைப்புப் பட்டியலும், விட்டுக்கொடுக்காத ஒரு குடும்பமும் சேர்ந்து தந்தது.

பாலக்காட்டைத் தாண்டினால் திருச்சூர் மாவட்டம். அங்கே குதிரான் சுரங்கம் முடிந்த கொஞ்ச தூரத்தில் பீச்சி. 2023 மே மாதம் அங்கே ஸ்டேஷனுக்குள் உணவகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் அறைபட்டார்கள். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 5 அன்று, குன்னங்குளம் ஸ்டேஷனில் இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி வி.எஸ்.சுஜித் அடிபட்டார், குடித்துவிட்டுத் தகராறு செய்ததாக அவர் மேல் வழக்கு. மருத்துவப் பரிசோதனையில் குடிக்கவில்லை என்று வந்தது, செவிப்பறை பாதிக்கப்பட்டிருந்தது. இரண்டு இடத்திலும் அடித்ததைப் படம் பிடித்தது போலீஸின் சொந்தக் கேமரா. இரண்டு இடத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள், போலீஸ் மறுத்தது. சுஜித்தின் கையில் அந்தப் படம் கிடைத்தது, மாநிலத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, 2025 செப்டம்பரில். பீச்சிக் காட்சியும் அந்த மாதமே வெளியானது. குன்னங்குளத்தில் நான்கு பேர் சஸ்பெண்ட். இரண்டரை ஆண்டு அதே துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு விஷயத்துக்கு, டிவியில் வந்த மூன்றாவது நாள் நடவடிக்கை!

அதே செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், ஸ்டேஷன்களில் கேமராக்கள் வேலை செய்யாதது பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நம் திருப்புவனத்தில், 2025 ஜூன் 28 அன்று மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்ததை வெளிக்கொண்டு வந்ததோ ஸ்டேஷன் கேமரா அல்ல. கோயிலின் பின்புறம் அவரை அடித்ததை ஒளிந்திருந்து ஒருவர் போனில் எடுத்த சில விநாடிகள். அவர் பயந்துகொண்டுதான் எடுத்தார். பயந்தவருக்குப் பாதுகாப்புத் தர நீதிமன்றம் வேண்டியிருந்தது.

1991-இல் பாலக்காட்டுப் போலீஸின் கையில் எஃப்ஐஆர் இருந்தது. இன்று அதே கையில் எஃப்ஐஆரோடு ஹார்ட் டிஸ்கும் இருக்கிறது. மலம்புழை, நெடுங்கண்டம், மண்ணார்க்காடு, குன்னங்குளம் என்று உண்மை வெளிவந்த ஒவ்வொரு இடத்திலும், போலீஸுக்கு வெளியே ஒருவர் அதைப் பிடுங்கி எடுத்திருக்கிறார். ஸ்டேஷன் கேமராவின் பதிவு, அந்தந்த ஸ்டேஷனில் அல்லாமல் நீதித்துறையின் பொறுப்பில் இருக்கும் இடத்தில் சேர வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, எல்லையின் இந்தப்புறமோ அந்தப்புறமோ, உங்களுக்கோ வீட்டாருக்கோ ஸ்டேஷனில் ஏதாவது நடந்தால், காயத்தை அன்றே அரசு மருத்துவமனையில் பதியுங்கள். நேரத்தையும் தேதியையும் குறித்து, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தகவல் உரிமை விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது.

(தொடரும்)